மூன்று ஸ்கௌவும் ஒரு தலைவரும்

எங்கள் லாகெவெல்டில் பெரிய மனிதராவதற்கு மூன்று தகுதி வேண்டும். ஊரில் பிறந்திருக்கக் கூடாது, சேற்றில் கால் வைத்திருக்கக் கூடாது, ஊரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டிருக்க வேண்டும். டீடரிக் வான் வாஸன்பெர்க் அவர்களிடம் மூன்றும் இருந்தன. ஹேக் நகரில் முப்பது வருடம் வழக்கறிஞராக இருந்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்து, ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கினார். மாட்டுத் தொழுவத்தை நூலகமாக மாற்றினார். வந்த மூன்றாம் வருடமே வாய்க்கால் குழுவின் தலைவராகிவிட்டார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை என்பது உண்மைதான். தேர்தல் கூட்டத்தை அவர் மாலை ஐந்து மணிக்கு வைத்திருந்தார். அது பால் கறக்கும் நேரம்.

குழுவுக்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்று. நாங்கள் கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே குடியிருக்கிறவர்கள். ஒருவன் தன் வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால் அடுத்தவன் படுக்கையறையில் தவளை கத்தும். அதனால் நவம்பர் மாதம் பிறந்ததும் குழு கிளம்பி ஒவ்வொருவர் வாய்க்காலையும் பார்த்துவிட்டு வரும். இப்படிப் பார்ப்பதற்கு எங்கள் டச்சு மொழியில் ஸ்கௌ என்று பெயர். மாட்டையும் எருவையும் ஏற்றிப்போகிற, அடி தட்டையான படகுக்கும் ஸ்கௌ என்றுதான் பெயர். கூடத்தில் நெருப்பு மூட்டுகிற மாடத்துக்கும் அதே பெயர். நாங்கள் இதை ஒரு பிரச்சினையாக நினைத்ததே கிடையாது. படகைத் தேடிப் போய் அடுப்புக்குள் தலையை விட்டவன் எங்கள் ஊரில் எவனும் இல்லை.

ஆனால் டீடரிக் அவர்களுக்கு அது பிரச்சினையாகிவிட்டது. இரண்டு குளிர்காலம் நூலகத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு சொல்லைப் பற்றி எண்பத்து நான்கு பக்கம் எழுதினார். ஆதியில் இந்த மண்ணை ஆண்ட பிரபு மாடத்தருகே அமர்ந்து நெருப்பைப் பார்த்தாராம். பிறகு படகேறித் தண்ணீரைப் பார்த்தாராம். ஆகவே மூன்று சொல்லும் ‘பார்த்தல்’ என்ற ஒரே வேரில் முளைத்தவையாம். அந்தப் பார்வைக்கு இன்றைய வாரிசு யார் என்பதை அவர் அடக்கத்தோடு எழுதாமல் விட்டிருந்தார். அட்டையில் அவர் படம்தான் இருந்தது, தன் வீட்டு மாடத்தின் மேல் ஒரு முழங்கையை ஊன்றியபடி.

காபிக்கடையில் புத்தக வெளியீடு நடந்தது. ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட், ஒரு பிரதி. பேச்சு முடிந்து கேள்வி உண்டா என்று கேட்டபோது லைஸ்பெத் கையைத் தூக்கினாள். நாற்பத்தாறு வயது, பதினான்கு மாடு, தனியாகப் பண்ணை நடத்துகிறவள். மரியாதையாக ‘மெனேர்’, அதாவது ‘ஐயா’, என்றே அழைத்துக் கேட்டாள்.

“நம்ம ஊர்ல யான்னு மூணு பேர் இருக்கானுங்க மெனேர். ரொட்டிக்கடை யான், டிராக்டர் யான், சர்ச்சுல மணி அடிக்கிற யான். பேரு ஒண்ணுங்கிறதுக்காக மூணு பேருக்கும் ஒரே அப்பனா?”

மூன்று யான்களும் அங்கேதான் இருந்தார்கள். மணி அடிக்கிற யானின் அம்மாவும் இருந்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது.

நான் பிறகு அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். சுற்றிப் பார்க்கிற ஸ்கௌ, ‘பார்த்தல்’ என்பதிலிருந்துதான் வந்தது. படகு ஸ்கௌவோ கழியை ஊன்றித் தள்ளுவதைக் குறிக்கிற வேறொரு பழஞ்சொல்லின் பிள்ளை. மாடத்துக்கு அப்பன் யாரென்று பண்டிதர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இதைப் போய் அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நான் குழுவின் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவதோடு என் வீரம் முடிந்துவிடும்.

டீடரிக் அவர்கள் அன்று புன்னகை செய்தார். வழக்கறிஞரின் புன்னகை அது, தேதி போட்டுக் கோப்பில் வைத்துக்கொள்கிற வகை.

லைஸ்பெத்தின் நிலைமை அப்போது இதுதான். அவள் மாடுகள் கோடையில் மேய்கிற பின்வயல் அவளுடையது அல்ல. சர்ச்சின் பழைய தர்ம அறக்கட்டளையிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. நாலு பக்கமும் தண்ணீர். மாட்டைப் படகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வாய்க்கால் பார்வையில் தொடர்ந்து மூன்று வருடம் தேறாவிட்டால் குத்தகை போய்விடும் என்று பத்திரத்தில் இருக்கிறது. முதல் வருடம் கஸ்தூரி எலிகள் வளை தோண்டிக் கரை சரிந்தது. அதே மாதம் பசு உதைத்து அவள் முழங்காலும் போயிற்று. வாய்க்கால் தேறவில்லை. அவளும் மறுத்துப் பேசவில்லை. இரண்டாம் வருடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அளவுகோல் பிடிக்கிற பாஸ்டியான் ஆழம் சரி, அகலம் சரி என்றார். பாஸ்டியான் பாலாடைக்கட்டி செய்கிறவர். தன் தம்பி செய்த பாலாடைக்கட்டியையே ஓட்டை போதாது என்று தள்ளியவர். ஆனால் தலைவராகி முதல்முறை வந்திருந்த டீடரிக் அவர்கள், மூலையில் ஒரு கைப்பிடி நாணலைக் கண்டார். “என் கண் ஏற்கவில்லை” என்றார். புதிய விதிப்படி தலைவரின் கண்ணே முடிவு. விதியைத் திருத்தியதும் அவரே.

இந்த வருடம் மூன்றாவது. அந்தப் பின்வயலில் ‘நீர்ப் பாரம்பரிய வளாகம்’ அமைக்க அவர் அறக்கட்டளைக்கு ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தார். பொம்மைக் காற்றாலை ஒன்று, தேநீர்க் கூடம் ஒன்று, கழிப்பறை இரண்டு. வரைபடத்தில் மாடுகளும் இருந்தன, பிளாஸ்டிக்கில்.

வயல் போனால் பதினான்கு மாட்டில் பாதியை விற்க வேண்டும். ஏழு மாட்டை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் யாரும் பண்ணை நடத்த முடியாது. நாய் வளர்ப்பது மாதிரி ஆசைக்கு வளர்க்கலாம். இது லைஸ்பெத்துக்குத் தெரியும். அதனால்தான் ஊரில் யாருமே செய்யாத ஒரு காரியத்தை அவள் செய்தாள். டீடரிக் அவர்களின் புத்தகத்தை முழுவதும் படித்தாள். கறவை இயந்திரம் ஓடுகிற நேரத்தில், காலையில் ஆறு பக்கம், மாலையில் ஆறு பக்கம். புத்தகத்தின் கடைசியில் பின்னிணைப்பு ஒன்று இருந்தது. எங்கள் பகுதியின் பழைய வாய்க்கால் சாசனத்தை ஆயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்றாம் வருடத்துப் பிரதியிலிருந்து அவர் வரிக்கு வரி நகல் எடுத்துப் போட்டிருந்தார். எடுத்தவர் அதைப் படித்தாரா என்பது வேறு விஷயம்.

அக்டோபர் கூட்டத்தில் டீடரிக் அவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார். இனி வாய்க்காலைச் சைக்கிளில் போய்ப் பார்க்கிற அவலம் இருக்காது. முன்னோர் செய்தபடி படகில்தான் போவோம். தன் செலவில் கருவாலி மரத்தில் ஒரு ஸ்கௌ கட்டச் சொல்லியிருக்கிறார், முனையில் செதுக்கிய சிங்கத்தோடு. செய்தித்தாளிலிருந்து படமெடுக்கவும் ஆள் வருகிறது.

கைதட்டல் முடிந்ததும் லைஸ்பெத் எழுந்தாள். இந்த முறை குரலில் தேன் ஒழுகியது.

“மெனேர், அந்தப் பழைய சாசனத்தை ஒருதடவ உங்க வாயால படிச்சுக் காட்டுங்களேன். எங்களுக்கெல்லாம் அந்த பாஷை நாக்குல நிக்காது.”

அவர் மறுக்கவில்லை. தன் குரலை அவரே எவ்வளவு ரசிப்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நீதிமன்றமே அதிர்கிற மாதிரி படித்தார். தலைமைக் கோல் பிடித்தவனின் வாய்க்காலே முதலில் பார்க்கப்படும். சத்தியம் செய்த அனைவரும் ஏறிய படகு அடி தட்டாமல் போனால் அந்த வாய்க்கால் தேறியது. படகு தட்டாத இடத்தில் கண் குறை சொல்லாது. எவன் வாய்க்காலில் அடி தட்டுகிறதோ அவன் வீட்டு மாடத்தடியில் குழு அமர்ந்து உண்ணும்.

“இதையே இந்த வருஷம் வெச்சுக்கலாம்ல?” என்றாள் லைஸ்பெத்.

“ஓர் எழுத்துக்கூட மாறாமல்” என்றார் அவர், நெஞ்சில் கை வைத்து. நான் குறிப்பில் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்டியான் எழுந்து போய்ச் சாவகாசமாக இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரே பிஸ்கட் என்கிற எங்கள் ஊரில் அது கலகத்துக்குச் சமம்.

ஆனால் அதில் லைஸ்பெத்துக்கும் ஆபத்து இருந்தது. கருவாலிப் படகு, முனையில் சிங்கம், மேலே ஏழு பேர். அவளுடைய எருப் படகு மிதக்கிற தண்ணீரில் அது மிதக்காது. சைக்கிள் பார்வைக்குப் போதுமான ஆழம் இதற்கு ஒரு சாண் குறைவு. பார்வை நாளான சனிக்கிழமைக்கு இருந்தது மூன்று வாரம்.

மூன்று வாரமும் மதியத்தில் அவளை வாய்க்காலிலேதான் பார்க்க முடிந்தது. தன் பழைய எருப் படகில் நின்றுகொண்டு, நீண்ட கழி, கழியின் நுனியில் இரும்பு வளையம், வளையத்தில் வலைப்பை. ஊன்று, சுரண்டு, தூக்கு, கரையில் கொட்டு. மழை வந்தால் மழையில். நாமக்கோழிகள் ஆரம்பத்தில் விலகிப் போயின. இரண்டாம் வாரத்தில் அவள் படகு விளிம்பிலேயே வந்து உட்கார ஆரம்பித்தன. பாஸ்டியான் ஒருநாள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்.

“முதுகு இருக்கா, இல்ல அதையும் வாரிக் கரையில போட்டுட்டியா?”

“தேடிப் பாருங்க. கெடச்சா சனிக்கிழமைக்கு முன்னாடி குடுத்துடுங்க.”

இயந்திரத்தை வைத்து வாரலாமே என்று நானும் கேட்டேன். கரை எலி தோண்டியது, இயந்திரத்தின் கனம் பட்டால் மறுபடி சரியும் என்றாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, இன்னொரு கழி இருக்கிறது என்றாள். எனக்கு அவசரமாகக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது.

டீடரிக் அவர்களும் சும்மா இருக்கவில்லை. தன் வாய்க்காலின் இரு கரையையும் தோட்டக்காரரை வைத்து வெட்டுவித்தார். புல் கம்பளம் மாதிரி ஆனது. தண்ணீரில் சிவப்பு அல்லிகள் வைத்தார். ஒரு வளைந்த பாலம், அதனடியில் கல்லில் ஒரு கன்னிப்பெண். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. போன வருடமும் தலைவரின் கண்ணே அதைத் தேற்றியிருந்தது, அளவுகோலை விட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும்கூட ஒருநாளும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஊரே கரையில் நின்றது. டீடரிக் அவர்கள் கறுப்புக் கோட்டும் வெள்ளிச் சங்கிலியும் போட்டு, வெண்கலப் பூண் போட்ட கோலோடு படகின் முனையில், சிங்கத்தின் பின்னால் நின்றார். பாஸ்டியான், நான், படமெடுக்கிறவர், இன்னும் மூன்று பேர். மொத்தம் ஏழு.

“முதல்ல லைஸ்பெத் வாய்க்கால்” என்றார் தலைவர்.

“முதல்ல கோல் பிடிச்சவரு வாய்க்கால்” என்றார் பாஸ்டியான். “ஓர் எழுத்துக்கூட மாறாமல்.”

தலைவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அல்லிகள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. படமெடுக்கிறவரைப் பாலத்தைச் சேர்த்து எடுக்கச் சொன்னார்.

பிரதான வாய்க்காலிலிருந்து அவர் வாய்க்காலுக்குள் திரும்பினோம். இருபது அடி ராஜ ஊர்வலம். முப்பதாவது அடியில் படகு கொஞ்சம் மூச்சு வாங்கியது. நாற்பதாவது அடியில், கல் கன்னிக்கு நேராக, கஞ்சிக்குள் கரண்டி நிற்கிற மாதிரி நின்றுவிட்டது. கழியை ஊன்றித் தள்ளினோம். கழி போய்க்கொண்டே இருந்தது, படகு வரவில்லை. அடியிலிருந்து நாலு வருடத்துச் சேறு கொப்பளித்து எழுந்தது. அந்த நாற்றத்தை என்னால் குறிப்பில் எழுத முடியவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘பார்த்தல்’ என்ற வேரைப் பற்றி எண்பத்து நான்கு பக்கத்தில் புரியாதது அந்த ஐந்து நிமிடத்தில் ஊருக்கே புரிந்தது.

“நீரோட்டத்தின் தாற்காலிகத் தாழ்வு” என்றார் தலைவர்.

பாஸ்டியான் அளவுகோலை இறக்கினார். “ஒன்றரை சாண் தண்ணி. மிச்சம் எல்லாம் கதை.”

அப்போது லைஸ்பெத் தன் எருப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காலையில் எரு ஏற்றிய படகு. கழுவியிருந்தாள், ஆனால் எருவை எவ்வளவுதான் கழுவ முடியும்? ஒவ்வொருவராக இறங்கி அதில் ஏறினோம். தலைவர் கடைசிவரை தன் கப்பலைக் கைவிடாமல் நின்றார். கப்பல் மூழ்கியிருந்தால் அது வீரம். அது நின்றுகொண்டிருந்தது.

“வாங்க மெனேர்” என்று அவள் கையை நீட்டினாள். “இதுவும் ஸ்கௌதான். உங்க புத்தகத்துல இருக்கு, இருபத்தி ரெண்டாம் பக்கம்.”

ஏறினார். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. கோட்டு அழுக்காகும் என்று நினைத்திருப்பார். ஏழு பேரின் பாரம் போனதும் கருவாலிப் படகு மெல்ல நிமிர்ந்தது. மாடு கட்டுகிற கயிற்றைப் போட்டு லைஸ்பெத் இழுக்க, மூன்று யான்களும் கரையிலிருந்து கை கொடுக்க, அது வெளியே வந்தது.

இத்தோடு போதும், இன்றைய பார்வையை ஒத்திவைக்கலாம் என்றார் தலைவர். ஒத்திவைத்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த பார்வையைத் திரும்பவும் கண்ணால் பார்ப்பார்.

“வேண்டாம்” என்றாள் லைஸ்பெத். “அதே படகு, அதே ஏழு பேரு, அதே சிங்கம். என் வாய்க்கால்ல விடுங்க. தட்டுச்சுன்னா குத்தகையை நானே எழுதிக் குடுத்துடறேன்.”

கருவாலிப் படகில் திரும்ப ஏறினோம். அவள் கரையோடு கூடவே நடந்து வந்தாள், கை இரண்டையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு.

இருநூறு மீட்டர் வாய்க்கால். முதல் நூறு மீட்டர், வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. நூற்றைம்பதில் அந்த மூலை வந்தது. எலி தோண்டிச் சரிந்த இடம். அங்கே எதுவோ படகின் அடியில் மோதியது. லைஸ்பெத் நின்றுவிட்டாள்.

“தட்டியது” என்றார் தலைவர். அன்று காலையில் முதல்முறையாக அவர் குரலில் சந்தோஷம் கேட்டது.

பாஸ்டியான் சட்டையின் கையை மடித்துவிட்டு, குனிந்து, கையைத் தோள்வரை தண்ணீரில் விட்டார். மேலே எடுத்தபோது ஒரு வில்லோ மரக்கிளை வந்தது. மிதந்து வந்து அடியில் மாட்டியது. பிறகு அளவுகோலை இறக்கினார். அவர் எப்போதும் அளவை இரண்டுமுறை பார்ப்பார். அன்று மூன்றுமுறை பார்த்தார்.

“படகுக்கு அடியில இன்னும் நாலு விரல் தண்ணி இருக்கு” என்றார். “இது கிளை. தரை இல்ல. எழுதிக்கப்பா.”

எழுதிக்கொண்டேன். மிச்ச ஐம்பது மீட்டரும் போனோம். பின்வயலின் கரையைத் தொட்டதும் பாஸ்டியான் உரக்கச் சொன்னார், “தேறியது.” அப்போதுதான் ஊர் சத்தம் போட்டது. அல்லி வாய்க்காலில் அடக்கிவைத்த சிரிப்பும் அதில் சேர்ந்திருந்தது. லைஸ்பெத் புல்லின் மேல் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள். யாரையும் பார்க்கவில்லை. வயலைத்தான் பார்த்தாள்.

அன்று ஊரில் முப்பத்தொரு வாய்க்கால் பார்த்தோம். முப்பது தேறியது. ஆகவே சாசனப்படி குழு எந்த வீட்டு மாடத்தடியில் உண்ண வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

ஈரக் கால்சட்டையோடு டீடரிக் அவர்களின் கூடத்தில் உட்கார்ந்தோம். அட்டைப்படத்தில் இருந்த அதே மாடம். பளிங்கில் யாரோ ஒரு பிரபுவின் சின்னம். நெருப்பு மூட்டலாமா என்று பாஸ்டியான் கேட்டார். தலைவர் ஒரு ரிமோட்டை எடுத்து அழுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் தீ எரிந்தது. அழகாக, வெட்கமில்லாமல், துளி சூடு இல்லாமல் எரிந்தது. பாஸ்டியான் அதன் அருகே கையை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மரியாதைக்காகக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

சாப்பாடு என்று அந்த வீட்டில் ஆலிவ் பழமும் ஒரு பாட்டிலும் இருந்தன. அப்போது கதவு திறந்தது. லைஸ்பெத் பெரிய பானையோடு உள்ளே வந்தாள். பட்டாணி சூப், கரண்டி நிற்கிற கெட்டி, உள்ளே புகையூட்டிய சாஸேஜ். கூடவே கறுப்பு ரை ரொட்டியும் பன்றி இறைச்சியும்.

“இதை எப்போ செஞ்சே?” என்று கேட்டேன்.

“காலையிலேயே வெச்சுட்டேன். தோத்தா என் வீட்ல, ஜெயிச்சா இவரு வீட்ல. எப்படியும் ஏழு பேரு சாப்பிடணும்ல?”

முதல் கிண்ணத்தை அவள் டீடரிக் அவர்களுக்குத்தான் ஊற்றினாள். அவர் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அந்த நான்கு வருடத்தில் அவர் அடைமொழி இல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது. பிறகு என்னைத் தனியே அழைத்து, குறிப்பில் ‘அடி தட்டியது’ என்பதை ‘ஓய்வு கொண்டது’ என்று மாற்ற முடியுமா என்று கேட்டார். என் வீரம் எங்கே முடியும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று சூப் உள்ளே போயிருந்தது. முடியாது என்றேன்.

அறக்கட்டளையிலிருந்து டிசம்பரில் கடிதம் வந்தது. குத்தகை தொடரும். ஏப்ரலில் மாடுகளைப் படகில் ஏற்றிப் பின்வயலுக்குக் கொண்டுபோன நாளில் ஊரே பார்க்கப் போனது. ஆறு மாதம் தொழுவத்தில் அடைந்து கிடந்த மாடுகள், புல்லில் கால் பட்டதும் நாலு காலையும் தூக்கித் துள்ளின. கிழட்டுப் பசு ஒன்று, முன்பு அவள் முழங்காலை உதைத்த அதே பசு, கன்றுக்குட்டி மாதிரி வட்டமடித்தது. பதினான்கும் குறையாமல் இருந்தன. நான் எண்ணினேன்.

அந்த மாதமே குழுவுக்குப் புதுத் தலைவர் தேர்தல். டீடரிக் அவர்கள் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் மூழ்கியிருப்பதால் நிற்க இயலாது என்று எழுதி அனுப்பியிருந்தார். கோலை லைஸ்பெத்திடம் கொடுத்தோம். அவள் அந்தக் கோலைப் பாஸ்டியானிடம் நீட்டி, பூணைக் கழற்றிவிட்டு அளவுக் கோடு போட்டுத் தரச் சொன்னாள். பிறகு முதல் தீர்மானத்தை என்னிடம் சொல்ல, நான் எழுதினேன், இந்தக் குழுவின் கூட்டம் இனி ஒருபோதும் பால் கறக்கும் நேரத்தில் நடக்காது.